மாத்திரை வீடு தேடி வருகிறது. அளவீடு எப்போது வரும்?

மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனைக்காக வரிசையில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பலரும் ஒளிவுமறைவின்றி ஒன்றைச் சொல்வார்கள். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள்கள் மட்டும் அவர்கள் பத்தியம் இருக்கிறார்கள். இனிப்பைத் தொடுவதில்லை; இரவு உணவைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்கள்; விடிந்ததும் வெறும் வயிற்றோடு முதல் பேருந்தைப் பிடித்து வந்துவிடுகிறார்கள். விரல் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுக்கப்படுகிறது. கருவி காட்டும் எண் ஏட்டில் ஏறுகிறது. எண் நன்றாக இருந்தால் அதே மாத்திரை. சற்றுக் கூடியிருந்தால் ஓர் அறிவுரையும் அதே மாத்திரையும். எஞ்சிய நாள்களில் அந்த உடலுக்குள் என்ன நடந்தது என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது.

நீரிழிவு சிகிச்சையில் தமிழ்நாடு கடந்துவந்த தூரம் சிறிதன்று. ஆனால், இந்த மாதாந்திர ஒற்றை எண்ணை நம்பி இனியும் அதிக தூரம் செல்ல முடியாது. ரத்தச் சர்க்கரையை அளவிடும் தொழில்நுட்பம் வெகுவாக மாறிவிட்டது. அந்த மாற்றம் தனியார் மருத்துவமனைகளின் வரவேற்பறையோடு நின்றுவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலை எட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதைக் கண்மூடித்தனமாக எல்லோருக்கும் வாரி வழங்க வேண்டியதில்லை; தேவை அறிந்து, முறை வகுத்து வழங்க வேண்டும்.

எட்டியதும் எட்டாததும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த 'இண்டியாப்' ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயாளிகள் என்றும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் என்றும் 2023-ல் கணக்கிட்டது. நோயின் பரவலைவிடக் கவலைக்குரியது, கட்டுப்பாட்டின் நிலை. தமிழ்நாட்டில் 2020-ல் நடத்தப்பட்ட 'ஸ்டெப்ஸ்' ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களில் 10.8% பேருக்கு மட்டுமே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. அதாவது, பத்துப் பேரில் ஒன்பது பேர் கண், சிறுநீரகம், நரம்பு, பாதம் ஆகியவற்றில் பாதிப்பை நோக்கிச் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

இந்தப் பின்னணியில்தான், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. ஊருக்குள்ளேயே இருக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்கிறார்கள். மாத்திரைகளைக் கையில் கொடுக்கிறார்கள். மருந்து வாங்குவதற்காக ஒருநாள் கூலியை இழக்க வேண்டிய நிலையிலிருந்து ஏழைகளை மீட்ட திட்டம் இது. 2024-ல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் இதற்குக் கிடைத்தது. அடுத்த சுற்று 'ஸ்டெப்ஸ்' ஆய்வில், கட்டுப்பாட்டு விகிதம் ஏறத்தாழ 17% ஆக உயர்ந்திருந்தது.

இது மெய்யான முன்னேற்றம். ஆனால், எஞ்சிய 83% பேரின் நிலை என்ன? அவர்களில் கணிசமானோர் கண்டறியப்படாதவர்கள். சிலர் சிகிச்சையைக் கைவிட்டவர்கள். மாத்திரையை ஒழுங்காக விழுங்கியும் சர்க்கரை குறையாதவர்களும் அவர்களிடையே உண்டு. இந்தக் கடைசிப் பிரிவினருக்கு மேலும் ஒரு பட்டை மாத்திரை மட்டும் தீர்வாகாது. எந்த வேளையில், எதனால் சர்க்கரை ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்ற தகவல் தேவை. மருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. தகவல் இன்னும் வரவில்லை.

மூன்று கருவிகள், மூன்று கேள்விகள்

சர்க்கரையை அளக்க இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

முதலாவது, வீடுகளில் பரவலாகக் காணப்படும் குளுக்கோமீட்டர். 'இந்த நொடியில் எவ்வளவு?' என்ற கேள்விக்கு அது விடை தருகிறது. எளிது, விரைவு. ஆனால், பழம் தின்ற கையைக் கழுவாமல் விரலைக் குத்தினாலே எண் பொய்யாகிவிடும். பரிசோதனைப் பட்டைகள் உள்ள குப்பி திறந்து கிடந்தால், ஈரக்காற்று அவற்றைக் கெடுத்துவிடும். 2013-ம் ஆண்டின் சர்வதேசத் தர அளவுகோலின்படி, சர்க்கரை 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்கும்போது ஒரு நல்ல கருவியின் அளவுகளில் 95%, ஆய்வக அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் அமைய வேண்டும். அந்தத் தரமுடைய கருவியில்கூட உண்மையான 200 என்பது 170 ஆகவோ 230 ஆகவோ தெரியலாம்.

இரண்டாவது, எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரி. இரண்டு நாள் பத்தியத்தால் இதை ஏமாற்ற முடியாது. வெறும் வயிற்றில் வர வேண்டிய அவசியமும் இல்லை. ஆயினும், இதற்கும் ஒரு குறை உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இந்த அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டக்கூடும். முற்றிய சிறுநீரக நோய் அதைத் தாழ்த்திக் காட்டக்கூடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. அவர்கள் விஷயத்தில் இந்தச் சராசரியை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டுவது சரியாகாது. தவிர, சராசரி என்பது மேடுபள்ளங்களை மறைத்துவிடும். பகலில் 300-ம் நள்ளிரவில் 50-ம் தொடும் ஒருவருக்கும், நாள் முழுவதும் நிதானமாக இருக்கும் ஒருவருக்கும் ஒரே சராசரி வரலாம்.

மூன்றாவது, தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத் தகடு போன்ற ஒன்று மேற்கையின் பின்புறம் ஒட்டப்படுகிறது. அதிலுள்ள முடி போன்ற மெல்லிய இழை, தோலுக்கடியில் திசுக்களுக்கிடையே உள்ள திரவத்தின் குளுக்கோஸை அளந்துகொண்டே இருக்கிறது. மருத்துவர்களின் பயன்பாட்டுக்கென 2015-ல் இந்தியாவில் அறிமுகமான ஒரு வகை, 15 நிமிடத்துக்கு ஓர் அளவு வீதம் 14 நாள்களுக்குச் சேமித்துவைக்கும். மாதத்துக்கு ஓர் எண் இருந்த இடத்தில், இரண்டு வாரத்தில் 1,344 எண்கள்! நோயாளியிடம் ஸ்மார்ட்போன் இருக்க வேண்டியதில்லை. மருத்துவமனையில் உள்ள ஒரே வாசிப்புக் கருவி பலருக்கும் பயன்படும்.

இந்த மூன்றாவது கருவி பதில் சொல்லும் கேள்விதான் சிகிச்சையில் பல நேரம் தீர்மானகரமானது: 'எப்போது, எதனால்?' காலைச் சர்க்கரை அதிகமாக இருக்கிறது என்பதற்காக இரவு இன்சுலினைக் கூட்டும் முன், நள்ளிரவு இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்று மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். அதை எந்த மாதாந்திரப் பரிசோதனையும் சொல்லாது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியே வாழும் முதியவர் ஒருவர் இரவில் வியர்த்து, தலைசுற்றி விழுந்தால், அது 'வயசான தள்ளாமை' என்று கடந்துபோகப்படுகிறது. தாழ்சர்க்கரை என்று எவரும் ஐயுறுவதில்லை. உயர்சர்க்கரை ஆண்டுக்கணக்கில் உடலை அரிக்கும். தாழ்சர்க்கரையோ ஒரே இரவில் உயிரைப் பறிக்கலாம்.

எண் மட்டும் மருந்தாகாது

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். அடிக்கடி அளப்பதால் மட்டும் நோய் கட்டுப்படுமா? ஆய்வுகளின் விடை, கருவி விற்பவர்கள் விரும்பக்கூடியதாக இல்லை. இன்சுலின் போடாத இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகள் 453 பேரிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2007-ல் வெளியான ஆய்வில், வீட்டில் குளுக்கோமீட்டரால் சோதித்துக்கொண்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஆரம்பநிலை மருத்துவமனைகளில் 450 பேரிடம் ஓராண்டு நடத்தப்பட்டு 2017-ல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தது.

ஆனால், 2021-ல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நாளுக்கு ஓரிரு முறை நீண்டநேர இன்சுலின் மட்டும் போட்டுக்கொள்ளும், ஆரம்பநிலை மருத்துவர்களின் பராமரிப்பில் இருந்த 175 பேர் அதில் இடம்பெற்றனர். எட்டு மாதங்களில், தொடர் கண்காணிப்புக் கருவி அணிந்தவர்களின் மூன்று மாதச் சராசரி 9.1-லிருந்து 8.0 ஆகக் குறைந்தது. விரலைக் குத்திச் சோதித்தவர்களுக்கு 9.0-லிருந்து 8.4 ஆகக் குறைந்தது. வேறுபாடு மாயாஜாலமானது அன்று, புறக்கணிக்கத்தக்கதும் அன்று. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம் போன்றவற்றில் நுண்குழாய்ப் பாதிப்புகள் 25% குறையும் என்று 1998-ல் வெளியான பிரிட்டனின் நீண்டகால ஆய்வு நிறுவியது. அங்கே இரு பிரிவினருக்கும் இடையிலான சராசரி வேறுபாடு ஒரு புள்ளிக்கும் குறைவே.

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம் தெளிவானது. மருந்தளவை மாற்றும் வாய்ப்பு உள்ள இடத்தில்தான் அளவீட்டுக்குப் பயன் உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டு, சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் ஒருவர் தினமும் விரலைக் குத்திக்கொள்வதால் வலியும் செலவும்தான் மிச்சம். இன்சுலின் போடும் ஒருவருக்கு அந்த எண், அடுத்த ஊசியின் அளவைத் தீர்மானிக்கும் வழிகாட்டி. ஆகவே, 'எல்லோருக்கும் கருவி' என்பதும் தவறு. 'ஏழைகளுக்கு இதெல்லாம் எதற்கு' என்பதும் தவறு.

தமிழ்நாடு அறிந்த பாடம்

அளவீட்டை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏற்ப வடிவமைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கர்ப்பகால நீரிழிவைக் கண்டறிய முன்பு வெறும் வயிற்றில் வர வேண்டும். பலமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். தொலைவிலிருந்து பேருந்தில் வரும் கர்ப்பிணிக்கு இது இயலாத காரியம். சென்னை மருத்துவர் வி.சேஷய்யாவும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு மாற்றை முன்வைத்தனர். கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கட்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு பரிசோதனை. அளவு 140 அல்லது அதற்கு மேல் என்றால் சிகிச்சை. 2007-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. பின்னர் தேசிய வழிகாட்டுதலும் இதே முறையைத் தழுவிக்கொண்டது.

அந்தத் திட்டம் ஏன் நிலைத்தது? மூன்று காரணங்கள். மக்களின் வாழ்க்கைக்கு ஏற்ப பரிசோதனை மாற்றப்பட்டது. எண்ணும் அதன்பின் செய்ய வேண்டியதும் ஒன்றாக முடிச்சிடப்பட்டன. செவிலியரே அதைச் செய்ய முடிந்தது. குளுக்கோஸ் கண்காணிப்பின் அடுத்த கட்டத்துக்கும் இம்மூன்றும் பொருந்த வேண்டும்.

யாருக்கு முதலில்?

முதற்படியாக, பதிவுசெய்யப்பட்ட ஒவ்வொரு நீரிழிவு நோயாளிக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது மூன்று மாதச் சராசரி பார்க்கப்பட வேண்டும். எல்லா நிலையங்களிலும் அதற்கான கருவி இருக்க வேண்டியதில்லை. மாதிரியைச் சேகரித்து வட்டார ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். மாவட்டங்களின் செயல்பாட்டையும் எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதால் அளக்காமல், எத்தனை பேருக்குக் கட்டுப்பட்டது என்பதால் அளக்க வேண்டும். மத்திய அரசு 2023-ல் அறிவித்த, 2025-க்குள் ரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ள 7.5 கோடிப் பேரைத் தரமான சிகிச்சைக்குள் கொண்டுவரும் இலக்குகூட, சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கையையே முதன்மைப்படுத்தியது. சேர்ப்பது தொடக்கம்தான்.

இரண்டாம்படி, அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் பெறும் அனைவருக்கும் இலவசக் குளுக்கோமீட்டரும், மாதந்தோறும் போதிய பட்டைகளும். இன்சுலினை இலவசமாகக் கொடுத்துவிட்டு அதன் விளைவை அளக்கும் வழியைக் கொடுக்காதது, வண்டியைக் கொடுத்துவிட்டு வேகமானியைப் பிடுங்கிக்கொள்வதற்கு ஒப்பானது. கர்ப்பகால நீரிழிவுக்குச் சிகிச்சை பெறும் பெண்களுக்கும் இது உரியது.

மூன்றாம்படி, ஒவ்வொரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தொடர் கண்காணிப்புக் கருவிகளின் ஒரு பொதுத் தொகுப்பு. இது நிரந்தரமாக அணிவதற்கானது அன்று. இரண்டு வாரங்களுக்கு மட்டும். இன்சுலின் போட்டும் கட்டுப்படாதவர்கள், அடிக்கடி மயங்குபவர்கள், கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் தனித்து வாழும் முதியவர்கள், ரத்தசோகையாலும் சிறுநீரக நோயாலும் சராசரியை நம்ப முடியாதவர்கள் ஆகியோர் முதல் உரிமையாளர்கள். முதலாம் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளின் நிலை வேறு. அவர்களுக்கு இது தொடர்ந்து தேவை. கேரளத்தின் 'மிட்டாயி' திட்டம் அத்தகைய குழந்தைகளுக்கான நவீன சிகிச்சையை அரசின் பொறுப்பாக ஏற்றுக்கொண்டிருப்பது நமக்கு முன்னுதாரணம்.

நான்காம்படியே மற்றவற்றுக்கு உயிர்கொடுப்பது: முடிவெடுக்கும் முறை. 1,344 எண்களைப் படித்துக்கொண்டிருக்க, ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவருக்கு நேரமில்லை. 2019-ல் எட்டப்பட்ட சர்வதேச உடன்பாடு இதை எளிமையாக்கியிருக்கிறது. சர்க்கரை 70-க்கும் 180-க்கும் இடையில் இருக்கும் நேரம் 70 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். 70-க்குக் கீழே செல்லும் நேரம் 4 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். முதியவர்களுக்கும் பிற நோய்கள் உள்ளவர்களுக்கும் இலக்கு தளர்த்தப்படுகிறது: எல்லைக்குள் 50% போதும், ஆனால் தாழ்சர்க்கரை நேரம் ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 'தாழ்சர்க்கரை தென்பட்டால் முதலில் மருந்தைக் குறை. அது இல்லாதபோது மட்டும் உயர்சர்க்கரை தென்படும் வேளையைக் கவனி' என்ற வகையில் ஒரு பக்க வழிகாட்டுதல் ஒவ்வொரு நிலையத்திலும் இருந்தால், பயிற்சி பெற்ற செவிலியரே முதல்கட்ட வாசிப்பைச் செய்துவிடலாம். ஐயம் எழும்போது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நிபுணரிடம் தொலைமருத்துவம் வழியே கேட்கலாம். இந்தியாவில் நீரிழிவுக்கெனத் தனித்துறை 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம்.விஸ்வநாதனால் தொடங்கப்பட்ட மண் இது. நிபுணத்துவம் நம்மிடம் இருக்கிறது. அது நகரங்களில் தேங்கிக் கிடக்கிறது என்பதே குறை.

விலையும் பொறுப்பும்

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. வெளிச்சந்தையில் ஒரு பரிசோதனைப் பட்டை ஏறத்தாழ இருபது ரூபாய். நாளுக்கு இரண்டு என்றால் மாதம் 1,200 ரூபாய். தொடர் கண்காணிப்புக்கான ஒரு சென்சார் இரண்டு வாரங்களுக்குச் சில ஆயிரம் ரூபாய். கூலித் தொழிலாளி ஒருவரின் குடும்பம் இதைத் தாங்காது; அரசாலும் சந்தை விலையில் வாங்க முடியாது. ஆனால், அரசு வாங்கும்போது சந்தை விலை விதியாக இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து மொத்தக் கொள்முதல் மூலம் மருந்து விலையைக் குறைத்துக் காட்டி, பிற மாநிலங்களுக்கும் வழிகாட்டியது. அதே பேரபலத்தைப் பட்டைகளுக்கும் சென்சார்களுக்கும் பயன்படுத்தலாம்.

இதில் ஓர் எச்சரிக்கை. குளுக்கோமீட்டர் வணிகத்தில் கருவியைக் குறைந்த விலையிலோ இலவசமாகவோ கொடுத்து, அதில் மட்டுமே பொருந்தும் பட்டைகளில் லாபம் பார்ப்பது வழக்கம். ஆகவே, ஒப்பந்தப்புள்ளியில் கருவியின் விலையைப் பார்க்காமல், பட்டைகளுக்கு ஐந்தாண்டுகளில் ஆகும் மொத்தச் செலவையும் துல்லியத்துக்கான சான்றையும் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2021 ஜூலையில் குளுக்கோமீட்டர் உள்ளிட்ட ஐந்து கருவிகளுக்கு வணிக லாப வரம்பை நிர்ணயித்தது. 2025 செப்டம்பரில் குளுக்கோமீட்டருக்கும் பட்டைகளுக்கும் ஜி.எஸ்.டி. 12%-லிருந்து 5% ஆகக் குறைக்கப்பட்டது. சென்சார்களின் வணிக லாபத்துக்கும் வரம்பு விதிப்பது குறித்து யோசிக்க வேண்டிய நேரம் இது.

இன்னும் இரண்டு பொறுப்புகள் உண்டு. புதிய வேலை முழுவதையும் குறைந்த ஊக்கத்தொகையில் உழைக்கும் பெண் தன்னார்வலர்களின் தோளில் ஏற்றிவிடக் கூடாது. பணி கூடினால் ஊதியமும் பயிற்சியும் கூட வேண்டும். அடுத்தது தரவு. ஒருவர் எப்போது உண்கிறார், எப்போது உறங்குகிறார் என்பதைக்கூட இந்த எண்களிலிருந்து ஊகிக்க முடியும். அவை கருவி நிறுவனத்தின் சொத்தாகிவிடாமல், நோயாளியின் உரிமையாகவும் அரசின் பாதுகாப்பிலும் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

நம் வெயிலிலும் வியர்வையிலும் சென்சாரின் ஒட்டுப்பட்டை எவ்வளவு நாள் தாங்கும், வயலில் குனிந்து நிமிர்பவருக்கு அது எவ்வளவு இடைஞ்சல், செவிலியரின் வாசிப்பு எவ்வளவு சரியாக அமைகிறது என்பவற்றுக்கெல்லாம் வெளிநாட்டு ஆய்வுகளில் விடை கிடைக்காது. எனவே, ஓரிரு மாவட்டங்களில் தொடங்கி, ஓராண்டு நடத்தி, கட்டுப்பாட்டு விகிதம், தாழ்சர்க்கரை நிகழ்வுகள், செலவு ஆகியவற்றைப் பொதுவெளியில் வெளியிட்டு, பயன் உறுதியானால் விரிவாக்குவதே அறிவுடைமை. பயன் இல்லையெனில் நிறுத்துவதற்கும் அந்த முடிவுகளே துணைநிற்கும்.

நீரிழிவு சிகிச்சையில் மருத்துவர் நோயாளியைச் சந்திப்பது ஆண்டுக்குச் சில மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் நோயாளியே தனக்கு மருத்துவர். எதைச் சாப்பிட்டால் என்ன ஆகிறது, நடந்தால் எவ்வளவு குறைகிறது, ஊசியைத் தவறவிட்டால் என்ன நேர்கிறது என்பதைத் தன் உடலிலேயே கண்டுகொள்பவரை எவரும் அதட்டிப் பத்தியம் இருக்கச் சொல்ல வேண்டியதில்லை. பரிசோதனை நாளுக்காக மட்டும் இரவு உணவைக் குறைத்துக்கொள்ளும் வழக்கமும் அப்போது தானே மறையும். பணம் படைத்தவர்கள் இந்த அறிவை ஏற்கெனவே கடையில் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுசேர்த்த ஓர் அரசுக்கு, அந்த அறிவையும் கொண்டுசேர்ப்பது எட்டாத வேலையன்று.